யார் சொன்ன நானா

காலையில் அச்சுக்கூடத்தின் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது, தெருவில் போகிற யாராவது "கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ராத்திரி நல்ல மழையாம்" என்று சொன்னால் போதும். எனக்குப் பின்னால் குடையை மடக்கியபடி நிற்கும் மனிதரிடமிருந்து உடனே கேள்வி வரும்.

"யார் சொன்ன?"

மழைக்கே சாட்சி கேட்ட மனிதரை என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஆரம்பித்து முப்பதுகள் முடியும் வரை அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அதை நினைத்தால், என் பொறுமைக்காகவே கண்டியில் யாராவது எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவரும் வைக்கவில்லை.

என்னுடைய சின்ன அச்சுக்கூடத்தில் அவர் மெய்ப்புத் திருத்துபவர். பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்கு அவர் 'யார் சொன்ன நானா'. முகத்துக்கு நேரே வெறும் நானா, எங்கள் ஊர் முஸ்லிம் வழக்கில் அண்ணன். உயரமான மனிதர், வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை வரும் கறுப்புக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மெய்ப்புத் தாளை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் வாசிப்பார். பத்து மணிக்குப் பால் விடாத வெறுந்தேத்தண்ணி வரும். சர்க்கரைத் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு மிடறு குடிப்பார். அடுத்த மிடறுக்குள் அது ஆறிவிடும், ஏனென்றால் அதற்குள் ஏதாவது ஒரு வரியில் பென்சில் நின்றிருக்கும்.

எழுத்துப் பிழை பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தேன். அதில் அவர் புலி. ஆனால் எழுத்துப் பிழையோடு நிற்கிற மனிதராக இருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகை. 'குணவதியும் ரூபவதியுமான எங்கள் மகள்' என்று பெண்ணின் தகப்பனார் எழுதிக் கொடுத்திருந்தார். மெய்ப்பு திரும்பி வந்தபோது 'ரூபவதி' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் 'யார் கண்டது?' நான் கவனிக்கவில்லை. மெய்ப்பு நேரே தகப்பனார் கைக்குப் போய்விட்டது. அந்த மனுஷன் தன் மச்சான்மார் இரண்டு பேரோடு வந்து என் மேசையைத் தட்டிய தட்டில், கோர்த்து வைத்திருந்த ஈய எழுத்தெல்லாம் கொட்டிப் போயிற்று. நானா எழுந்து வந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "முதலாளி, உங்கட மகள் அழகில்லண்டு நான் சொல்லல்ல. நான் கண்டதில்ல. அதத்தான் கேட்ட."

இன்னொருமுறை ஒரு மரண அறிவித்தல். பேராதனை வீதியில் இருந்த ஒரு பெரியவர் போய்விட்டார் என்று அவருடைய மருமகன் எழுதிக்கொண்டு வந்தார். அவசரம், பகல் ரயிலுக்கு முன் அடித்துத் தர வேண்டும். நானா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திரும்பி வந்து, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெரியவர் விறாந்தையில குந்தி ஈக்கிறார். என்னப் பாத்து ஸலாமும் சொன்ன."

மருமகன் கொஞ்சம் முந்திவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு தடவை நானா பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எப்போது கோபப்பட்டாலும் அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். பேராதனை வீதியைச் சொல்லாமல் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் துடைப்பைப் போல எரிச்சலூட்டிய காரியம் உலகத்தில் வேறில்லை.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும், அவரே சொன்னது. வாலிபத்தில் கடல் கடந்து போய் ஒரு மதரஸாவில் ஓதியவர். அங்கே நபிமொழி ஒன்றைச் சொல்வதற்கு முன், அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார், இன்னார் தம் காதால் கேட்டார் என்று ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒருவர் பொய்யர் என்றாலோ, ஞாபக மறதிக்காரர் என்றாலோ, சொன்ன விஷயம் எத்தனை நல்லதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்களாம்.

"அது மார்க்க விஷயத்துக்குச் சரி நானா," என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். "சவர்க்காரக் கடை விளம்பரத்துக்குமா?"

"சவர்க்காரத்துக்குப் பொய் சொல்லிப் பழகின வாய், தம்பி, மத்ததுக்கு மட்டும் உண்மை பேசுமா?"

இப்படிப்பட்டவரிடம் ஒரு பெரிய மனிதரின் ஜீவிய சரித்திரத்தை எழுதக் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். அவருடைய தமிழ் அவ்வளவு நல்லது. என் தலையெழுத்து.

காய்ச்சல் வருஷத்துக்கு மூன்று வருஷம் கழித்து அது நடந்தது. மலைக்காய்ச்சல் ஊரூராய் ஆட்களை வாரிக்கொண்டு போன அந்தக் காலத்தில், கடுகண்ணாவைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தும் அரிசியும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் உத்தியோகத்தரைப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் நீண்டகாலம் உத்தியோகம். எந்தக் காரியாலயம் என்று சொல்லப்போவதில்லை. அதிகாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெறப் போகிறார், பாராட்டு விழா, அதில் அவருடைய சரித்திரம் புத்தகமாக வெளிவர வேண்டும் என்று ஒரு கமிட்டி கிளம்பியது. கமிட்டிக்குத் தலைவர் எங்கள் தெருவிலேயே புடவைக்கடை வைத்திருந்த முதலாளி. அந்தக் காலத்தில் என் அச்சுக்கூடத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைப்பது பெரிய காரியம். பழைய இயந்திரத்தை மாற்றிவிடலாம் என்று கனவு கண்டேன்.

புடவைக்கடைக்காரர் ஒரு கட்டுத் தாள் கொண்டு வந்து மேசையில் போட்டார். அதிகாரியைப் பற்றிப் பலரும் எழுதிக் கொடுத்த புகழுரைகள்.

"இதையெல்லாம் சேத்து அழகா எழுதிக் குடுங்க. நானாவுக்குச் சொல்லவா வேணும்," என்றார்.

சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தாளில், கொட்டும் மழையில் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையை அதிகாரி தம் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தார் என்று இருந்தது. நானா கடுகண்ணாவைக்கு ரயிலேறினார். ஒருதரம் இல்லை, மூன்று தரம். ஒவ்வொரு தடவையும் இங்கே மெய்ப்பு மலை மாதிரி குவிந்தது. கடைசியில் குழந்தையின் தாயைக் கண்டுபிடித்து, அவளிடம் சிங்களத்தில் பேசி, திரும்பி வந்து எழுதினார்: 'குழந்தையைப் பியோன் சுமந்தான். அதிகாரி குடை பிடித்துக்கொண்டு கூடவே ஆற்றில் இறங்கி நடந்தார்.'

புடவைக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கொடை புடிச்சத எழுதவா நாங்க இவ்வளவு பாடுபடுறோம்?"

"அவர் தண்ணியில எறங்கினாரே முதலாளி," என்றார் நானா. "அது தாயே கண்டது. நல்லா எழுதி ஈக்கிறன், பாருங்க."

உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

அதிகாரியைப் பிடிக்காதவர்களும் சும்மா இருக்கவில்லை. சரித்திரம் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் பியோனை அடித்தார், பகலில் தூங்கினார் என்று ஆள்மேல் ஆள் வந்து நானாவின் காதில் போட்டார்கள். நானா அதற்கும் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பியோனைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "அடிக்கல்ல, ஏசினாரு. நானும் திருப்பி ஏசினேன்," என்றானாம். பகல் தூக்கமும் தூக்கமில்லை. அதிகாரிக்கே காய்ச்சல் கண்டு, அந்தக் காய்ச்சலோடு கிராமங்களுக்குப் போய்வந்திருக்கிறார். மாட்டு வண்டியில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் தூக்கம் என்றார்கள். காய்ச்சலைக் கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். அந்தப் பக்கத்தை எழுதிய நாளில் நானாவுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தார்.

"நல்லதுக்கும் சாட்சி வேணும் தம்பி, கெட்டதுக்கும் சாட்சி வேணும். ரெண்டும் ஒரு மனுஷன்ட தலையில ஏத்திற சொமதானே?"

சரி, இத்தோடு போகட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த வரி வந்தது.

'மருந்தில் தண்ணீர் கலந்து, மிச்சம் பிடித்ததைக் கடைகளுக்கு விற்ற கயவனான மருந்து கலக்குபவனைக் கையும் களவுமாகப் பிடித்து, உடனே வேலையிலிருந்து நீக்கி, ஏழைகளின் உயிரைக் காத்தார்.'

கமிட்டிக்கு இந்த வரிதான் உயிர். காரணம் ஊருக்கே தெரியும். காய்ச்சல் வருஷத்தில் கண்டி முழுக்க ஒரு பேச்சு அடிபட்டது. காய்ச்சலுக்கான கொய்னா மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள், நல்ல மருந்து பின்பக்கத்தால் கடைக்குப் போகிறது என்று. முதலில் அதிகாரியின் பெயரைத்தான் சொன்னார்கள். பிறகு அதிகாரி மருந்து கலக்குபவரை, அதாவது கம்பவுண்டரை, வேலையை விட்டு நீக்கினார். பேச்சு அப்படியே அந்த மனிதரின் தலைக்கு மாறிவிட்டது. அவர் தற்காலிக ஊழியர், இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மடுல்கெல்லப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு யார் அவரை நினைத்தார்கள்?

நானா அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"நானா, இது புகழ்ச்சி," என்றேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "அதிகாரியப் பத்தி நல்லதா ஒரு வரி. விட்டுருங்களேன்."

"புகழ்ச்சிதான். ஆனா இந்தப் புகழ்ச்சிக்கு அடியில ஒரு மனுஷன் நசுங்கிப்போய்க் கெடக்கிறான். அவன் களவெடுத்தத யார் கண்ட?"

"ஊரே சொல்லுது!"

"ஊருக்கு யார் சொன்ன?"

அவ்வளவுதான். மூன்று மாதம் போயிற்று. விழா நெருங்கியது. முதல் பாரம், பதினாறு பக்கம், கோர்த்து ஈயமாய்க் கிடந்தது, அடிக்க வழியில்லை. அச்செழுத்துக் கோர்க்கும் என் கம்பாசிட்டர் எழுத்துப் பற்றாமல் மற்ற வேலைகளைத் தள்ளிப் போட்டார். நானாவோ தினமும் பின்னேரம் குடையோடு கிளம்பி, தண்ணீர் மருந்துக் கதையைச் சொன்னவரையெல்லாம் பார்த்து, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டு, அவர் கைகாட்டியவரைப் பார்த்து, அவரிடமும் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தார். நாவிதர், சந்தைக் காய்கறிக்காரர், பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரித் தோட்டி என்று ஒருவர் பாக்கியில்லை. இறைச்சிக்கடையில் ஒரு ஆள் கத்தியைக் காட்டித் துரத்தினாராம். இதை எனக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

"அதிகாரி மேலயோ, மருந்துக்காரர் மேலயோ உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "என் வயித்துல அடிக்கிறீங்களே நானா!"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் வெளியே போய்க் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் புடவைக்கடைக்காரர் அதிகாரியையே அச்சுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்களிடம் இருந்த ஒரே நல்ல கதிரையை அதிகாரிக்குப் போட்டேன். நரைத்த மீசை, தேய்த்து மினுக்கிய சப்பாத்து, நேரான முதுகு. நானும் கம்பாசிட்டரும் நின்றோம். நானா மரியாதையாக எழுந்து நின்று, அந்த வரியை ஏன் போட முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தக் கதைய எனக்குச் சொன்ன ஆக்கள் கனபேர் ஐயா. எல்லாரிட்டயும் வழி கேட்டுக்கொண்டு போன. காய்கறிக்காரருக்குச் சொன்னது நாவிதர். கண்டக்டருக்குச் சொன்னதும் நாவிதர். ஆஸ்பத்திரி ஆளுக்குக் கண்டக்டர் சொன்ன. எந்தப் பக்கத்தால போனாலும் அந்த நாவிதர்ட கடையிலதான் போய் முட்டிது. நாவிதருக்கு ஒரே ஒரு ஆள்தான் சொன்ன." நானா தொண்டையைச் செருமினார். "முதலாளி, அது நீங்க."

புடவைக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. "என்னயா சொல்றீங்க?"

"சவரம் செய்துகொண்டு ஈக்கும்போது சொன்னீங்களாம். நீங்க யார்ட்ட கேட்ட? சொன்னீங்கண்டா நான் அவர்ட்டப் போவேன்."

புடவைக்கடைக்காரர் சால்வையை இழுத்து நெற்றியைத் துடைத்தார்.

"யார்கிட்டயும் கேக்கல," என்றார். "போர்வை வாங்குற ஆர்டர அப்ப வேற கடைக்குக் குடுத்துட்டாங்க. வயித்தெரிச்சல்ல, போர்வையில இப்படி செய்றவங்க மருந்துல தண்ணியும் கலப்பாங்கன்னு வாய்க்கு வந்தத ஒளறிட்டேன். அதுக்கப்புறம் ஐயாகிட்ட எவ்வளவோ நல்லது கண்டுருக்கேன். அது ஒரு பேச்சுங்க. பேச்சுக்குச் சொன்னது."

அதிகாரி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். மிச்சமிருந்த மூன்று வருஷச் சந்தேகம் ஒரு நொடியில் கழன்று விழுந்ததல்லவா?

"அப்ப எழுதுங்கோ," என்றார். "எல்லாம் பொய்யெண்டு எழுதுங்கோ. என்ர கையில ஒரு குற்றமும் இல்லையெண்டு போடுங்கோ."

எனக்கும் அப்பாடா என்று இருந்தது. நானா தலையைச் சாய்த்து யோசித்தார். அந்தச் சாய்ப்பு நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும்.

"கதைக்குச் சாட்சி இல்லண்டு எழுதலாம் ஐயா. தண்ணி கலக்கவே இல்லண்டு எழுத ஏலா. கலக்கல்லண்டும் யாரும் காணல்லயே. ஆனா மருந்துக்காரர்ட வரி மட்டும் கட்டாயம் போகணும். கதையே இல்லண்டா அவர நீக்கினது எதுக்கு?"

அதிகாரி எழுந்துவிட்டார்.

"எதுக்கோ? ஊர் முழுக்கக் கத்திச்சுது, உமக்குத் தெரியாதே? மேலிடத்திலயிருந்து கேள்வி மேல கேள்வி. நானும் காய்ச்சலோட கிடந்து சாகிறன். ஆரோ ஒருத்தன் போகத்தானே வேணும்? நான் போறதோ, அவன் போறதோ? எனக்கும் பிள்ளையள் இருக்கு. அவனை விசாரிக்க எனக்கு எங்க நேரம்? போ எண்டன், போனான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நானா பென்சிலை எடுத்தார். அந்த நேரத்தில் பென்சிலை எடுக்கிற மனிதன் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் எழுதி, வாய்விட்டு வாசித்தும் காட்டினார்: 'மருந்து கலக்குபவரை விசாரிக்காமல், ஊர்ப் பேச்சுக்காக நீக்கியதாக அதிகாரி தம் வாயாலேயே சொன்னார். நேரில் கேட்டவர் நால்வர்.'

"இதுக்குத்தான் ஐயா சாட்சி சரியா ஈக்கிது," என்றார்.

அதோடு சரித்திரம் முடிந்தது. புத்தகம் வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். விழா நடந்தது, வெள்ளித் தட்டு கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். கோர்த்த பாரத்தைக் கம்பாசிட்டர் பிரித்து எழுத்தைப் பெட்டியில் போட்டார். ஒவ்வொரு எழுத்தும் விழும் சத்தம் என் புது இயந்திரத்தின் சாவு மேளமாகக் கேட்டது எனக்கு. நானா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல ஒரு தேயிலைக்கடை விளம்பரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் அவரைக் கேட்ட கேள்வி நல்லெண்ணத்தில் கேட்டதல்ல. குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"நாவிதரக் கேட்டீங்க, கண்டக்டரக் கேட்டீங்க, ஊர்ல ஒருத்தர விடாமக் கேட்டீங்க. அந்த மருந்துக்காரர ஒரு தரமாவது கேட்டீங்களா நானா?"

பென்சில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை.

"சொன்ன ஆக்கள்ட வழியிலதான் தம்பி நான் போன," என்றார். "அவர்தான் யார்ட்டயும் ஒண்டும் சொல்லல்லயே. அந்தச் சங்கிலியில அவர் வரவே இல்ல."

மறுநாளே மடுல்கெல்லவுக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. அவரைத் தனியாக விட்டால் அங்கேயும் போய் யாரையாவது வம்புக்கு இழுப்பார் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். வத்தேகம, பன்வில என்று பஸ் மழையில் முக்கி முனகி ஏறியது. வழியெல்லாம் நானா ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னால் அதையும் தாங்க முடியவில்லை.

மருந்துக்காரர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக இருந்தார், கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. மெலிந்த, அமைதியான மனிதர், நாற்பது வயதுக்குள் தலை முழுக்க வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் பயந்தார். நானா தம்மை யாரென்று சொல்லி, எதற்கு வந்தோம் என்றும் சொன்னார். உள்ளே அவருடைய சம்சாரம் அடுப்பில் கேத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.

"மருந்துல தண்ணி கலந்தீங்கண்டு ஒரு கதை. அது கெளம்பின எடம் எங்களுக்குத் தெரிஞ்சிட்டிது. ஆனா உங்கட வாயால கேக்காம ஈக்கிறது சரியில்ல. அதுதான் வந்த. நீங்க கலந்தீங்களா?"

அவர் உடனே பதில் சொன்னார். அந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவரைப் போல.

"ஊத்துனேங்க. ஒரு நாளு."

நான் நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மருந்து ஜாடி மத்தியானமே முடிஞ்சி போச்சு. கண்டியிலேருந்து வர வேண்டியது வரல. வரிச அப்படியே நிக்குது. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு விடியக்காலையிலேருந்து நடந்து வந்த பொம்பளைங்க. வெறும் போத்தலோட போங்கன்னு எப்படிங்க சொல்றது? அடியில கெடந்ததுல தண்ணிய ஊத்தி ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேன். கசந்துச்சு, அதனால நம்பிப் போனாங்க. அடுத்த நாளு மருந்து வந்துச்சு. நாளைக்கும் வாங்கன்னு எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புனேன். எல்லாரும் வரல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வராதவங்களத்தான் நெனச்சிக்கிட்டே இருக்கேன். ஒரு சொட்டு வெளிய விக்கலைங்க. அது மட்டும் இல்ல."

"பொறகு ஏன் அதிகாரி போகச் சொன்ன நேரம் பேசாமப் போன?"

"ஊர்ல தண்ணி மருந்துன்னு பேச்சு வந்துச்சுங்களே. நான் ஊத்துனத யாரோ பாத்துட்டாங்கன்னு நெனச்சேன். பாத்தவங்க சொல்றப்ப நான் என்னத்த எதுத்துப் பேசுறது?"

நானா கண்ணை மூடிக்கொண்டார். சொல்ல வேண்டாம், இதையாவது சொல்லாமல் விடுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அவர் அப்படி விடுகிற மனிதர் அல்ல.

"ஒருத்தரும் காணல்ல," என்றார். "கண்டியில ஒரு முதலாளி கோவத்துல வாய்க்கு வந்தத சொன்ன. அவருக்கு உங்களத் தெரியவும் தெரியா. உங்கள யாரும் காணல்ல."

மருந்துக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருமே பாக்கலையா?"

"இல்ல."

"கேக்கவும் இல்லைங்களே," என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. "ஐயா கேக்கல, ஊரு கேக்கல. கேட்ட மொத ஆளு நீங்கதான்."

அவருடைய சம்சாரம் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டு வந்தாள். எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் கோப்பையைப் புருஷன் கையில் கொடுத்தவள், அங்கேயே நின்றாள்.

"நானும்தான் கேக்கல," என்றாள் அவரிடம். "மருந்த வித்துட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டே மூணு வருஷமா உங்களுக்குச் சோறு போட்டேன்."

நானா கோப்பையைத் தரையில் வைத்தார். குடையைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.